பொதுவில் வைத்த குரல்

சுந்தரராமனுக்கு மனைவியின் குரல் மறுபடி கேட்டது, அவள் போய் இரண்டு வருஷம் மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. குக்கரில் பருப்பை வைத்துவிட்டு விசிலை எண்ணிக்கொண்டு நின்றவர், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்ததும் எடுத்தார்.

“வணக்கம். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடத்தில், அனைத்து வசதிகளுடன் கூடிய வீட்டு மனைகள். விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும்.”

சாவித்ரிதான். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்கவேண்டும் என்று பழகிய குரல். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காமல் சொல்கிற அதே நிதானம். ‘அழுத்தவும்’ என்பதில் வந்த ழகரம்கூட அவளுடையதேதான்.

ஒன்றை அழுத்தத் தோன்றவில்லை. இணைப்பு தானாகவே அறுந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அவருக்குத் தெரியாது. அடுப்பை அணைத்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடு முழுக்க வாடை அடித்தது.

சிட்லபாக்கத்தில் அந்த வீட்டை அவர்கள் கட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. சுந்தரராமன் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவித்ரி ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. ஒரே மகள் நித்யஸ்ரீ புனேயில் இருக்கிறாள். இரண்டாவது கொரோனா அலையில், மே மாதம், சாவித்ரியை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவரைக் கூட வரவிடவில்லை. ஒன்பதாம் நாள் வார்டிலிருந்து போன் செய்தாள். மூச்சு முட்டியது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஆக்சிஜன் இரைச்சல் கேட்டது. “சாப்... பிட்டீங்களா” என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அவர் காதில் மிஞ்சியிருந்தது அந்தக் குரல்தான்.

இப்போது மனை விற்ற குரல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. அவருக்கு எப்போதுமே பிடிக்காமல் இருந்த ஒரு காரியத்திலிருந்து வந்தது அது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு அரசுத் தேர்வில், பார்வையற்ற ஒருவருக்கு விடை எழுதித்தரப் போயிருந்தாள் சாவித்ரி. அந்தத் தேர்வர் காந்திமதி, இரும்புலியூர்க்காரி. ஒரு தனியார் கல்லூரியில் டெலிபோன் ஆபரேட்டர். தேர்வு முடிந்ததும் காந்திமதி தன் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் இருப்பதை அது தமிழில் படித்தது. டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு குரல்.

“இதையா தினமும் கேக்கறே?” என்று கேட்டிருக்கிறாள் சாவித்ரி.

“வேற இன்னா கீது டீச்சர்? இதான் ஃப்ரீ. நல்ல வாய்ஸ் வேணும்னா வருஷா வருஷம் கட்டணும். கட்டுனாலும் அவங்க சொல்ற கம்ப்யூட்டர்லதான் பேசும். நம்ம பேரைத் தப்பா சொல்லுச்சுன்னா சரி பண்ணக்கூட முடியாது.”

காந்திமதி மூலமாகத்தான் ‘செவிவழி’ என்ற குழு சாவித்ரிக்கு அறிமுகம். கட்டற்ற மென்பொருள்காரர்கள். எழுதுகிற நிரலையெல்லாம் யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், திருப்பித் தரலாம் என்று பொதுவில் வைத்துவிடுகிறவர்கள். தமிழுக்கு மனிதக் குரலில் பேசும் ஒரு நிரல் செய்ய அவர்களுக்கு ஒருவர் நாலாயிரத்து எண்ணூறு வாக்கியங்கள் படித்துத் தரவேண்டியிருந்தது. அதைத் துண்டு துண்டாக்கிச் சேர்த்தால், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அந்தக் குரல் சொல்லும்.

சாவித்ரி பதினான்கு மாதம் படித்தாள். பள்ளி விட்டு வந்து, உள்ளறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, வேர்வை வழிய உட்கார்ந்து, ‘ஆட்டுக்குட்டி வடக்கே போனது’, ‘மஞ்சள் விலை ஏறவில்லை’ என்று அர்த்தமில்லாத வாக்கியங்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் கூடத்தில் மின்விசிறி ஓடக்கூடாது, டிவி பேசக்கூடாது. “காசும் இல்லை, பேரும் இல்லை, என்னத்துக்கு இந்த வேலை?” என்று சுந்தரராமன் அலுத்துக்கொள்வார். அவள் பதில் சொல்லமாட்டாள். குரல் வெளியானபோது மகள் அதைப் போட்டுக் காட்ட வந்தாள். அவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. சாவித்ரி இறந்த பிறகு நித்யஸ்ரீ கேட்டாள், “அப்பா, அம்மா வாய்ஸ் உங்க போன்ல போட்டுத் தரட்டுமா?” வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. அதே நேரம், அதே குரல். சனிக்கிழமை அவர் மின்ரயில் ஏறி கூடுவாஞ்சேரி போனார்.

ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒரு சின்ன அலுவலகம். சுவரில் கலர் கலராக மனைகளின் வரைபடம். மேலாளர் பெயர் டெனிஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். “வாங்க சார், உக்காருங்க சார், கார்னர் பிளாட்டா பாக்குறீங்களா?” என்று நாற்காலியைத் துடைத்தான்.

“உங்க கம்பெனியிலேர்ந்து போன் வருதே, அதுல பேசறது யார்?”

“அது ரெக்கார்டிங் சார். போன் கால் விடறவன்கிட்ட மொத்தமா குடுத்துட்டோம். எந்த வாய்ஸ் போட்டான்னு எங்களுக்கு இன்னா சார் தெரியும்?”

“அது என் மனைவி.”

டெனிஸ் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “அப்படி இருந்தா... மேடம் நேரா வந்து எங்ககிட்ட சொன்னா...”

“அவ இல்லை. செத்துப் போயிட்டா.”

டெனிஸ் எழுந்து நின்றுவிட்டான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவர் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டுச் சத்தம் போட்டான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: “சார், நான் நிறுத்தச் சொல்லிட்டேன். இனிமே எங்க பேர்ல வராது. ஆனா உண்மையைச் சொல்றேன் சார், நெட்ல ஃப்ரீயா கீதாம் சார் அந்த வாய்ஸ். யார் வேணா எடுக்கலாமாம். நான் நிறுத்துனா நாளைக்கு இன்னொருத்தன் போடுவான். நீங்க எத்தனை பேர் வூட்டுப் படி ஏறுவீங்க?”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனாலேயே சுந்தரராமனுக்குக் கோபம் அவன்மேல் வராமல், அந்தக் குரலைத் தெருவில் வைத்துவிட்டுப் போனவர்கள் மேல் திரும்பியது.

சாவித்ரியின் டைரியில் ஜெபின் என்ற பெயரும் எண்ணும் இருந்தது. செவிவழியின் வேலைகளை ஒருங்கிணைக்கிறவன். பெருங்களத்தூரில் வீடு, பகலில் ஏதோ கம்பெனியில் வேலை. சுந்தரராமன் சொன்ன எல்லாவற்றையும் போனில் கேட்டுக்கொண்டான்.

“ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். ஆனா அவங்க எடுத்தது உரிமப்படி சரிதான். யாரும் எதுக்கும் பயன்படுத்தலாம்னுதான் மேடமும் நாங்களும் சேர்ந்து உரிமம் போட்டோம்.”

“எனக்கு உரிமம் எல்லாம் வேண்டாம். அதை எடுத்துடுங்க.”

“நான் தனியா எடுக்க முடியாது சார். குழுவில வெக்கணும். பத்து நாள் முன்னாடி எல்லாருக்கும் மின்மடல் போகணும். அப்புறம் கூட்டத்துல ஓட்டு.”

“உங்க மேலதிகாரி யாரு? அவர்கிட்ட பேசறேன்.”

“அப்படி யாரும் இல்லை சார்.”

முப்பத்து நாலு வருஷம் பணிமனையில் இருந்தவருக்கு இது விளங்கவில்லை. ஒரு ரயில்பெட்டி வெளியே போகவேண்டும் என்றாலும் கூடாது என்றாலும் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட ஆளே இல்லாத இடத்தில் தன் மனைவி குரலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாளே என்று அன்றைக்கெல்லாம் அவருக்கு ஆறவில்லை.

செவிவழி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சேலையூரில் ஒரு கிளை நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடும். அந்த மாதம் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பார்வையற்றவர்கள். மடக்கிய வெள்ளைக் கோல்கள் நாற்காலிகளின் கீழே கிடந்தன. சுந்தரராமன் தன் கோரிக்கையை எழுதிக் கொண்டுபோயிருந்தார். எழுந்து நின்று படித்தார். ‘என் மனைவியின் குரல் வியாபாரத்துக்குப் பயன்படுவதை அறிந்து’ என்று ஆரம்பித்து இரண்டு வரி போனதும் நிறுத்தினார். தாளை மடித்துவிட்டார். “எடுத்துடுங்க. அவ்வளவுதான்” என்று உட்கார்ந்தார்.

ஜெபின் நிலைமையை மட்டும் சொன்னான். குழுவின் பக்கத்திலிருந்து குரலை நீக்கலாம், அதற்குப் பிறகு புதிய பதிப்பு வராது. ஆனால் இதுவரை எடுத்தவர்கள் கையில் இருப்பதைத் திரும்ப வாங்க முடியாது. மனை விற்கிறவன் கையில் இருப்பதும் அப்படியேதான் இருக்கும். பழுது பார்க்க ஆள் இல்லாமல் நாளாவட்டத்தில் நின்றுபோகப் போவது, நம்பியிருப்பவர்களின் கம்ப்யூட்டரில்தான்.

பிறகு காந்திமதி எழுந்தாள். முப்பத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு. குரல் வந்த திசையைக் கணக்கு வைத்து அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், எம் பொண்ணு நாலாவது படிக்குது. ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வந்தா எனக்குப் படிச்சுக் காட்டுறது உங்க வூட்டுக்காரம்மாதான். மாத்திரை அட்டையில தேதி முடிஞ்சுபோச்சான்னு சொல்றதும் அவங்கதான். அவங்க செத்த சேதியைக்கூட எனக்கு அவங்க வாய்ஸ்தான் சார் படிச்சுச்சு. மடல்ல வந்திச்சு. ‘சாவித்ரி மேடம் இன்று காலை காலமானார்.’ நான் திரும்பத் திரும்பக் கேட்டுகினு இருந்தேன். இதெல்லாம் உங்களை மடக்கறதுக்காகச் சொல்லலை. நீங்க எடுன்னு சொன்னா, எடுக்கணும்னுதான் நான் ஓட்டுப் போடுவேன். பழைய டப்பா வாய்ஸ்க்குப் போயிக்கலாம். அது ஒண்ணும் பேஜார் இல்லை.”

அங்கே கையைத் தூக்கி ஓட்டெடுப்பது வழக்கமில்லை. தூக்கினால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, சம்மதமா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். இருபத்திரண்டு பேர் சம்மதம் என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். ஒருவர் எதுவும் சொல்ல விரும்பவில்லை. விதிப்படி, கோரியவர் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் உறுதி செய்தால் குரல் நீக்கப்படும்.

ஜெயித்துவிட்டு வெளியே வந்த சுந்தரராமனுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. சண்டை போடத் தயாராகப் போன இடத்தில் எதிரில் யாருமே நிற்கவில்லை.

வாசலில் ஜெபின் வந்து சொன்னான்: “சார், மேடம் குழுவுக்கு எழுதின மடல் எல்லாம் பொதுவுலதான் இருக்கு. உறுதி பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க. லிங்க் அனுப்பறேன்.”

மொத்தம் நாற்பத்து மூன்று மடல்கள். மறுநாள் பகல் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தார். பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை. ‘இன்று மழை. பக்கத்து வீட்டுத் தகரத்தில் சத்தம். பதிவு இல்லை.’ ‘வீட்டுக்காரருக்கு இருமல். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம் மறுபடி படிக்கவேண்டும்.’ ‘ஞகரம் சரியாக விழவில்லை என்று காந்திமதி சொல்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.’ இப்படியே போனது. அவளுக்கு இவ்வளவு வேடிக்கையாக எழுத வரும் என்று அவருக்குத் தெரியாது.

முப்பத்தோராவது மடலில் நிறுத்தினார். குழுவில் யாரோ அவளிடம் நேராகக் கேட்டிருந்தார்கள்: ஒரு கம்பெனி உங்கள் குரலை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் சம்மதமா? வியாபாரத்துக்குக் கூடாது என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடலாமா?

சாவித்ரி எழுதியிருந்தாள்:

‘அது எனக்குப் பிடிக்காது. ஆனால் நிபந்தனை போட்டால் அது யாரையெல்லாம் தடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பார்வையற்றவர் ஜெராக்ஸ் கடை வைத்து, இதை வைத்து நாலு பேருக்குப் படித்துக் காட்டிப் பிழைத்தால் அதுவும் வியாபாரம்தானே? முப்பது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். படித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டு யாருக்கும் எடுத்ததில்லை. கொடுத்தால் முழுசாகக் கொடுக்கிறேன். இன்னொன்று. வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டீர்களா என்று ஜெபின் கேட்டிருந்தார். என் கணவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மீறி எனக்குச் செய்ய வராது. அதனால் கேட்கவில்லை.’

கடைசி நாலு வாக்கியத்தை அவர் எத்தனை முறை படித்தார் என்று சொல்ல முடியாது. மனைக்காரன் போன் செய்தபோது வலித்தது வேறு. இது வேறு இடத்தில் வலித்தது. குழு மடலைப் படிக்கிற ஊர் பேர் தெரியாத இருநூறு பேரிடம் சொல்ல முடிந்ததை, அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த தன்னிடம் அவளால் சொல்ல முடியவில்லை. அவள் பொய்யும் சொல்லிவிடவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டு வாரம் நித்யஸ்ரீ போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துவிடுவார். பிறகு ஒரு வரி மடல் எழுதினார்: ‘என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். சுந்தரராமன்.’ காரணம் எழுதவில்லை.

காந்திமதி போன் செய்தாள். “சார், இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. இருக்கட்டும்.”

“யாராச்சும் எதுனா சொன்னாங்களா சார்?”

“சாவித்ரிதான் சொன்னா” என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. மூலையில் உட்கார்ந்து கேட்டார். அங்கே குறைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. குரல் எந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்கிறது, எந்த இடத்தில் திக்குகிறது என்று கேட்பவர்கள் எழுதுவது. அறுநூற்றுப் பதினொரு குறைகள் தீராமல் கிடந்தன. ஒரே குறையை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். சுந்தரராமனுக்குக் கை பரபரத்தது. பணிமனையில் அவர் பார்த்த வேலையே அதுதான்: ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு எண், கண்டவர் யார், சரிசெய்தவர் யார், சோதித்தவர் யார்.

“இதை நான் ஒழுங்கு பண்ணித் தரலாமா?” என்று கேட்டார்.

மூன்று மாதம் எழுத்தை மட்டும் பார்த்து ஒழுங்கு செய்தார். ஸ்பீக்கரைத் திறக்கவில்லை. ஒருநாள் குறை எண் இருநூற்று எண்பத்தேழு: ‘சானடோரியம் என்ற சொல்லைச் சரியாகச் சொல்வதில்லை.’ தாம்பரம் சானடோரியம் அவர்கள் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் உள்ள ஸ்டேஷன். தப்பு என்ன என்று கேட்காமல் எழுத முடியாது. காலை பத்து மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினார். “சான டோரி யம்” என்று மூன்று துண்டாகச் சொன்னது சாவித்ரியின் குரல்.

அவள் அப்படிச் சொல்லமாட்டாள். வேகமாக, ‘டோ’வில் சற்று ஏறி இறங்கி, ஒரே மூச்சில் சொல்வாள். அவருக்கு அது உடனே நினைவுக்கு வந்தது. கூடவே வேறு ஒன்றும் புரிந்தது. இது அவள் இல்லை. அவள் விட்டுப்போன ஒலிகளை வைத்து நாலு பேர் சேர்ந்து கட்டியது, இன்னும் கட்டி முடியாதது. அதை நினைத்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அவள் அதற்குள்ளும் இல்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான், இரண்டே முக்கால் வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

குறையை எழுதி அனுப்பினார். திருத்தத்தை இரண்டு பேர் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். ஒருவர் திருச்சி, ஒருவர் யாழ்ப்பாணம். பதினொரு நாள் ஆனது. “என் பெண்டாட்டி எப்படிச் சொல்வாள்னு எனக்குத் தெரியாதா?” என்று ஜெபினிடம் கத்தினார். “தெரியும் சார். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றான் அவன்.

அந்த வருஷம் நூலகங்களில் பார்வையற்றோருக்கான கணினிகளில் எந்த மென்பொருளைப் போடுவது என்று நூலகத் துறை அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. ஒரு கம்பெனி தன் பொருளை விளக்கப் படங்களோடு காட்டிவிட்டுப் போனது. செவிவழி சார்பில் ஜெபினும் காந்திமதியும் போனார்கள். சுந்தரராமனும் கூடப் போனார். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப் பிடிக்கறது? கம்பெனின்னா ஒரு கையெழுத்து இருக்கும்.”

ஜெபின் வாயைத் திறப்பதற்குள் சுந்தரராமன் பேசிவிட்டார். “சார், நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். என்கிட்ட ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. எந்தத் தப்பு எப்ப வந்தது, யார் சொன்னா, யார் சரி பண்ணா, எத்தனை நாள் ஆச்சு, எல்லாம் அதுல இருக்கு. நீங்க இப்பவே திறந்து பாக்கலாம். இன்னும் தீராதது நூத்தித் தொண்ணூறு, அதையும் மறைக்கலை. அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டு அவங்க ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்க. காட்டினாங்கன்னா அவங்களுக்கே குடுங்க.”

பெரிய வெற்றி என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. சோதனைக்கு நாலு நூலகங்களில் போட்டுப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. அதில் இரண்டில் கணினிக்கு மேல் போட்ட உறையை யாரும் எடுக்கவில்லை. குரோம்பேட்டை பக்கம் ஒன்றிலும் வண்டலூர் பக்கம் ஒன்றிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அவ்வளவுதான். ஆனாலும் அவர் மாதம் ஒருமுறை இரண்டு இடத்துக்கும் போய், யார் என்ன குறை சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு வருவார். கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் அவரிடமே வந்து சேர்ந்தது.

அடுத்த வருஷம் குழு இரண்டாவது குரல் ஒன்றைப் பதிவு செய்ய முடிவு செய்தது. கிறிஸ்டினா என்ற நர்ஸ் முன்வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் கணவன், மாமியார், இரண்டு குழந்தைகளோடு இருப்பவள். அப்போது சுந்தரராமன் ஒரு விதித் திருத்தத்தை முன்மொழிந்தார். இனிமேல் யார் குரல் கொடுத்தாலும், உரிமத்தின் நிபந்தனைகளை அவர் வீட்டார் ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்டி, அவரும் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கவேண்டும். தனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்று அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். பத்து நாள் மடலில் யாரும் எதிர்த்து எழுதவில்லை. எழுதத் தயங்கினார்கள்.

கூட்டத்தில் காந்திமதி எழுந்தாள்.

“நான் இதை ஒத்துக்கமாட்டேன் சார்.”

“ஏம்மா? வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரியட்டும். சொல்றவங்க சொல்லட்டும். ஆனா கையெழுத்து வாங்குன்னு விதி போட்டா, எந்தப் பொம்பளையால குடுக்க முடியும்? நான் தனியா வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ எங்க வூட்ல ஒருத்தர் கையெழுத்துப் போடலை. கண்ணு தெரியாதவ எங்கடி போவேன்னாங்க. நான் போனேன்.” அவள் சற்றுத் தணிந்தாள். “இந்த விதி அப்பவே இருந்தா, டீச்சர் வாய்ஸ் நமக்குக் கெடைச்சிருக்காது சார். நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

பின்வரிசையில் கிறிஸ்டினா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுந்தரராமனுக்கு முகம் சூடேறியது. “அதுக்காக, கூட இருக்கறவன் ஒருநாள் போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?” என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. காந்திமதியிடமும் இல்லை.

ஓட்டு நடந்தது. ஒவ்வொரு பெயராக. சம்மதம் எட்டு. இல்லை பதினேழு. ஜெபினும் இல்லை என்றுதான் சொன்னான்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. வழக்கமாகக் காந்திமதி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வருவாள். அன்று படியிலேயே கோலை விரித்துக்கொண்டு நின்றாள். அவர் நாலடி போய்விட்டு நின்றார். திரும்பி வந்து முழங்கையை நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கோவமா சார்?”

“ஆமா.”

இருவரும் சாலையைக் கடந்தார்கள். நிழற்குடைக்கு வந்த பிறகு அவர் சொன்னார்: “அவ என்கிட்ட கேட்டிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், காந்திமதி.”

“தெரியும் சார்” என்றாள் அவள். “டீச்சர் சொல்லிக்கீறாங்க.”

அவளுடைய பஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பை எழுதினார். விதித் திருத்தம், முன்மொழிந்தவர் சுந்தரராமன், சம்மதம் எட்டு, இல்லை பதினேழு, தீர்மானம் தோற்றது. காந்திமதி சொன்ன காரணத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் கீழே எழுதினார். தான் கேட்ட கடைசிக் கேள்வியையும், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுதினார். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினார்.

கிறிஸ்டினா அடுத்த திங்கட்கிழமை பதிவைத் தொடங்கினாள். வீட்டில் சொல்லிவிட்டாளா என்று அவளை யாரும் கேட்கவில்லை.